எந்த அட்டையிலும் இல்லாத நாட்கள்

“ஏம்மா டீச்சரம்மா, சட்டம் எப்படிப் போடறாங்கன்னு புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறது வேற. சட்டம் போடறவங்களுக்கே போயி பாடம் நடத்துறது வேற. உன்னை மொதல்ல உள்ள விடுவாங்களா?”

மாமா இதைக் கேட்டபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி அவர். பூவத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பாலத்தைத் தாண்டினால் அவர் ஊர். பாலத்துக்கு இந்தப் பக்கம் காரைக்கால், அதாவது புதுச்சேரி. அந்தப் பக்கம் தமிழ்நாடு. அவர்கள் பெட்ரோல் போட எங்கள் பக்கம் வருவார்கள். சிலர் வேறு சிலதற்கும் வருவார்கள். பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் இரண்டு பக்கமும் நடக்கும்.

“விடாட்டி வாசல்ல நின்னு பேசறேன் மாமா” என்றேன்.

“பேசுவ, பேசுவ. வாய் எங்கக்கா வாய்தானே.”

அம்மா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலைப் பற்றித்தான் பேச்சு. அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல், உரித்த கடலையை மட்டும் எடுத்து எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய், பாதியில் வெளியே வராமல் கல்லூரி வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதில்லை. அப்பா இரண்டாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர். அம்மா கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். நான் அரசியல் அறிவியல் படித்துவிட்டு, காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒரு மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி போடுவேன். முதல் வாசிப்பு, குழு, இரண்டாம் வாசிப்பு, மூன்றாம் வாசிப்பு, துணைநிலை ஆளுநர், சில சமயம் தில்லி வரை. எல்லா அம்புகளும் சபைக்குள்ளிருந்து புறப்பட்டு மேலே போகும். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து புறப்படுகிற அம்பு ஒன்றுகூடப் புத்தகத்தில் இல்லை. பல தடவை வரைந்த பிறகுதான் இது எனக்கு உறுத்தத் தொடங்கியது. அதற்குக் காரணம் அம்மாவின் இடுப்பு.

அவள் எங்கும் விழவில்லை. நடவு முடிந்து வரப்பில் வரும்போது ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். வாயுப் பிடிப்பு என்றாள். எண்ணெய் தேய்த்தாள். பிறகு இரவில் புரண்டு படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினாள். நான் பிடிவாதம் பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எலும்பு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்பு மூட்டில் பந்து போல் இருக்கும் எலும்புக்கு ரத்தம் போவது நின்றுவிட்டது, அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது, செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் கால் குட்டையாகும், அதன் பிறகு வைத்தாலும் பழைய நடை வராது என்றார். படுக்கைக்கும் அறுவைக்கும் கட்டணம் இல்லை. மூட்டு மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். காப்பீடு இருந்தால் அதுவும் இலவசம். இல்லாவிட்டால் என்ன விலை என்று கூட வந்திருந்த அப்பா கேட்டார். மருத்துவர் சொன்னார். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் பேருந்துச் சீட்டைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது.

காப்பீட்டு மேசையில் ஓர் இளம்பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும்.

“செவப்பு அட்டையா, மஞ்ச அட்டையா?”

“செவப்பு” என்றேன். நான் பயப்படவில்லை. எங்கள் பக்கத்தில் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் சிவப்பு அட்டை இருந்தால் காப்பீடு உண்டு.

அவள் திரையைப் பார்த்தாள். “அப்பா இருக்காங்க, நீங்க இருக்கீங்க. அம்மா பேரு இல்லீங்களே.”

“கல்யாணமாகி வந்ததுலேர்ந்து எங்கம்மா இங்கதாங்க இருக்காங்க.”

“இருப்பாங்க. அட்டையில இல்லீங்க.”

அம்மாவின் பெயர் எங்கே இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அது பாலத்துக்கு அந்தப் பக்கம், மாமாவின் குடும்ப அட்டையில் இருந்தது. எங்கள் தெருவில் அந்தப் பக்கத்திலிருந்து வாழ வந்த பெண்களில் பாதிப் பேரின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் அரிசிக்குப் பதிலாகப் பணம் வங்கியில் விழுந்த வருடங்களில், அங்கே அரிசி அரிசியாகவே கிடைத்தது. அதுவும் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணமாக இருந்திருந்தால், எங்கள் பக்கம் ரேஷன் கடைகள் மறுபடி திறந்ததும் பெயர்கள் பாலம் தாண்டி வந்திருக்கும்.

பொங்கலுக்கு முந்தின நாள் மாமா வரிசை கொண்டு வருவார். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், பூசணி, ஒரு பை அரிசி. பையைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, “உம் பேருக்கு வந்த அரிசிக்கா” என்பார். அம்மாவின் பெயருக்கு அங்கே அளந்த அரிசி அது. அம்மா பொங்கலன்று முதல் பானையில் அதைத்தான் போடுவாள். தெருவில் இருக்கும் மற்ற பெண்களும் அப்படித்தான். யார் வீட்டுக்கு அண்ணன் தம்பி முதலில் வந்தான், பை கனமா லேசா என்று குழாயடியில் விசாரணை நடக்கும். தம்பி வராத வருடம் ஒரு பெண் வீட்டை விட்டே வெளியே வரமாட்டாள். எங்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு சிக்கலைத் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மருத்துவமனையில் நடந்ததை மாமாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரே உற்சாகம்.

“அங்க இல்லாட்டி போவுது. எங்க பக்கம் பேரு இருக்குல்ல? எங்க பக்கமும் காப்பீடு இருக்கு. எங்கக்காவுக்கு நான் பாத்துக்கறேன்.”

அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் இருந்த மருத்துவமனைக்கு அம்மாவை அழைத்துப் போனோம். அங்கேயும் ஒரு மேசை. இங்கே இருந்தவர் நடுவயதுக்காரர், பொறுமையானவர்.

“கார்டுக்காரருக்கு இவங்க என்ன வேணும்?”

“அக்கா” என்றார் மாமா.

“கார்டுக்காரர், மனைவி, புள்ளைங்க, கூட இருக்கற அப்பா அம்மா. இவ்வளவுதாங்க குடும்பம். அக்கா வராதுங்க.”

“ஒரே வயித்துல பொறந்ததுங்க.”

“நான் இல்லைங்கலீங்க. இதுல அக்கான்னு ஒரு கட்டமே இல்ல. எந்தக் கட்டத்துல போடட்டும், நீங்களே சொல்லுங்க. அம்மான்னு போடவா?”

அவர் கேலியாகத்தான் கேட்டார். மாமா கொஞ்சம்கூடச் சிரிக்காமல், “போடுங்க. என்னை வளத்தது அவதான்” என்றார்.

அந்த மனிதர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். அம்மா மாமாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். “வாடா. ஒனக்கும் எனக்கும் அஞ்சு வயசு வித்தியாசம். ஊரு சிரிக்கும்.”

இரண்டு பக்கமும் திட்டம் இருந்தது. இரண்டு பக்கமும் ஏழைகளுக்காகத்தான் போட்டிருந்தார்கள். அம்மா இரண்டுக்கும் நடுவில், ஆற்றில் நின்றாள். அன்று திரும்பி வரும்போது என்னால் உட்கார முடியவில்லை. இருக்கை காலியாக இருந்தும் பேருந்தில் நின்றுகொண்டே வந்தேன்.

எளிய வழி ஒன்று இருந்தது, எல்லோருக்கும் தெரிந்த வழி. அங்கே பெயரை நீக்கி, அந்தச் சான்றை வாங்கி, இங்கே சேர்க்க வேண்டும். அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிச்சிரணுமா?”

“அடிச்சாத்தான் இங்க சேக்க முடியும்.”

“ஏம் பாப்பா, அந்த வீட்டுல எனக்குன்னு என்னா இருக்கு, சொல்லு. நெலத்துல பங்கு கேட்டனா? நகை கேட்டனா? வேணாம்னுட்டுதான் வந்தேன். அந்தக் கார்டுல ஒரு வரி இருக்கு. அதையும் அடிங்கற.”

“அம்மா, கால் குட்டையாயிடும்ங்கறாரு டாக்டர்.”

“ஆவட்டும். குட்டைக் காலோட எங்கம்மா வீட்டுக்குப் போவேன். பேரில்லாம எப்படிப் போறது?”

எனக்குக் கோபம் வந்தது. படித்தவளுக்கு வரும் கோபம். இவ்வளவு நேரான ஒரு விஷயத்தை இவள் ஏன் கோணலாக்குகிறாள் என்று நினைத்தேன். அப்பா வெளியே எழுந்து போய்விட்டார். அம்மா மறுபடி உளுந்தில் கல் பொறுக்கினாள்.

இந்த நேரத்தில்தான் பள்ளி ஆசிரியர் அறையில் கிடந்த நாளிதழில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். நோயாளிகளின் சிகிச்சைச் செலவைக் குறைக்கப் புதுச்சேரி சட்டமன்றத்தில் ஒரு மசோதா வரப்போகிறது, அதை ஆராயும் குழு காரைக்காலுக்கு வருகிறது, பொதுமக்கள் நேரில் கருத்துச் சொல்லலாம் என்று இருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். என் கரும்பலகைப் படத்தில் இல்லாத அம்பு அது. கீழேயிருந்து மேலே போவது.

வரைவை இணையத்தில் எடுத்துப் படித்தேன். நல்ல சட்டமாகத்தான் இருந்தது. மருத்துவமனைகள் கட்டணத்தைத் தமிழில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அறுவைக்கு முன்பே தோராயமான செலவைச் சொல்ல வேண்டும். மருந்தை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. காப்பீட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஒவ்வொன்றையும் படிக்கும்போது, யாரோ எங்களைப் போன்றவர்கள் நின்ற வரிசையில் நின்று பார்த்துவிட்டு எழுதியது போல் இருந்தது. பிறகு பின்னோக்கிப் போய், நான் முதலில் படிக்காமல் தாண்டிய விளக்கப் பகுதிக்கு வந்தேன். ‘குடும்பம் என்பது இப்பகுதியின் குடும்ப அட்டையில் பெயர் உள்ளவர்களைக் குறிக்கும்.’ அவ்வளவு நல்ல சட்டத்துக்கும் வாசல் அந்த ஒரு வரிதான். அம்மா அதற்கு வெளியே நின்றாள்.

நான் எழுதத் தொடங்கினேன். ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்களைக் குடும்பமாகக் கொள்ள வேண்டும், அட்டையைக் கேட்காமல் இருப்பிடத்தைக் கேட்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அரசமைப்புச் சட்டத்திலிருந்து எடுத்துக் காட்டினேன். எழுதியதைப் படித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அம்மா ஒரு நாள் கேட்டாள்.

“அதுல எம் பேரு வருமா?”

“சட்டத்துல ஆளு பேரெல்லாம் வராதும்மா.”

“அப்ப எனக்குன்னு எப்படித் தெரியும்?”

அதற்கும் மாமா சிரித்தார். கடலை உரித்தபடி, உன்னை உள்ளே விடுவார்களா என்று அவர் கேட்டது அதற்கு அடுத்த நாள்தான்.

குழு வந்த நாளில் பள்ளியில் விடுப்புச் சொன்னேன். தனியாகப் போவதாகத்தான் ஏற்பாடு. காலையில் பார்த்தால் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். மாமா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார். “உள்ள விட்டாங்களா இல்லியான்னு பாக்கணும்ல” என்றார். கூட்டம் நடந்த அரங்கின் வாசலில் காவலர் என் பெயரை எழுதச் சொன்னார், உள்ளே கையைக் காட்டினார். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் பேசியவர் ஒரு தனியார் மருத்துவர். கட்டணப் பலகை வைத்தால் மருத்துவமனை மளிகைக் கடை ஆகிவிடும் என்றார். மருந்துக் கடைக்காரர் ஒருவர் எழுந்து, மளிகைக் கடையிலாவது விலையைப் பார்த்து வாங்கலாமே என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது. கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த மீனவர் ஒருவர், கடலில் அடிபட்டு வருகிறவனிடம் அட்டையை எடு என்றால் எங்கே போவான், படகில் எடுத்துக்கொண்டா போக முடியும் என்று கேட்டார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

என் முறை வந்தது. என் குரல் நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன், சந்தோஷப்பட்டேன். இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் குழுவின் தலைவர் கையை உயர்த்தினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. எழுத்துல குடுத்துடுங்க. விஷயத்தைச் சுருக்கமா சொல்லுங்கம்மா.”

அம்மாவின் கதையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் குறுக்கிட்டார். “இதுக்கு எதுக்கு சட்டத்தைத் திருத்தணும்? பேரை இங்க மாத்திக்க வேண்டியதுதானே?”

என்னிடம் அதற்கு மூன்று பதில்கள் எழுத்தில் இருந்தன. எதைச் சொல்வது என்று நான் பக்கத்தைப் புரட்டும்போது பின்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“பேரு எங்க இருந்தா என்னாங்க? இடுப்பு இங்கதானே இருக்கு.”

அரங்கமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. இத்தனை நாள் உட்கார்ந்து எழுதியதெல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்துபோனது போல் இருந்தது. அம்மா ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் தலைவர் என்னைப் பார்த்துச் சொன்னார். கேலி இல்லாமல்தான் சொன்னார். “நீங்க சொல்றதுல ஞாயம் இருக்கும்மா. ஆனா குடும்பம்ங்கற விளக்கத்தைத் தொட்டா ஒவ்வொரு துறையும் கேள்வி கேக்கும். சட்டம் வர்றதுக்கு நாளாகும். அதுக்குள்ள உங்க அம்மாவுக்கு என்ன பண்ணப் போறீங்க?”

அந்தக் கேள்விக்கு என் தாள்களில் எங்குமே பதில் இல்லை. நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

வெளியே டீக்கடையில் மாமா எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். “நல்லாத்தான் பேசின. பாதி எனக்குப் புரியல. புரியாம இருந்தா பெரிய பேச்சாத்தான் இருக்கும்.” நான் வடையைத் தொடவில்லை.

பேருந்து வந்தது. அப்பொழுதுதான் நான் சரியாகப் பார்த்தேன். அம்மாவால் படியில் கால் வைக்க முடியவில்லை. நல்ல காலை வைத்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் காலைத் தொடையில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே எடுத்து வைத்தாள், நெல் மூட்டையைத் தூக்கி வைப்பது போல. நடத்துனர், “ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க” என்றார். மாமா அவரை முறைத்தார். நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாமாதான் பேச்சைத் தொடங்கினார், முன் இருக்கையிலிருந்து திரும்பி. “அக்கா, நான் போயி அடிக்கச் சொல்லிடறேன். பேரு இல்லாட்டியும் பொங்கலுக்கு வருவேன். வரமாட்டேன்னா நெனைக்கிற?”

“வருவ. எந்த அரிசிய எடுத்துக்கிட்டு வருவ?”

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா சொன்னாள். “நீ அடிக்க வேணாம். தம்பி கையால எம் பேரை அடிச்சான்னு இருக்க வேணாம். நானே வந்து அடிச்சுக்கறேன்.”

அந்த வாரத்திலேயே மூவரும் போனோம், பாலத்துக்கு அந்தப் பக்கம், வட்ட அலுவலகத்துக்கு. கணினியில் இருந்தவர் கேட்டார். “பேர் நீக்கறதுக்கு என்ன காரணம்? எறப்பா, திருமணமா?”

“கல்யாணம்” என்றாள் அம்மா.

“எப்ப ஆச்சு?”

“எம் பொண்ணு டீச்சரா இருக்கு” என்று என்னைக் காட்டினாள்.

அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திருமணம் என்பதை அழுத்தினார். அச்சிட்டு வந்த தாளை அம்மா வாங்கிக்கொண்டாள். வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். அழுவாள் என்று நான் பயந்தேன். அவள் தாளை என்னிடம் நீட்டி, “எங்க இருக்கு எம் பேரு, காட்டு” என்றாள். காட்டினேன். விரலால் ஒரு முறை தடவினாள். “சரி, வா.”

இங்கே சேர்க்க விண்ணப்பித்தோம். அங்கே ஒரு நாளில் போன பெயர் இங்கே ஒரு நாளில் வரவில்லை. ஆதாரில் முகவரி பழையது, அதை மாற்ற வேண்டும். பிறகு விசாரணைக்கு ஆள் வர வேண்டும். பிறகு மேலே போக வேண்டும். சேர்ந்த பிறகுதான் காப்பீட்டில் ஏறும். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. போகும் இடத்தில் எல்லாம் மரியாதையாகத்தான் பேசினார்கள். “வந்துரும்மா” என்றார்கள். மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதி வந்தது, போனது. அவர் வேறொரு தேதி கொடுத்தார், அதுவும் போனது. அம்மா வயலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு குழாயடிக்குப் போவதை. நான் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகக் கைப்பேசியில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்பேன். பரிசீலனையில். சோறு வடிக்கும்போது பார்ப்பேன். பரிசீலனையில். வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகூட ஒரு நாள் பார்த்தேன்.

“இப்ப நான் எந்த அட்டையில இருக்கேன்?” என்று அம்மா கேட்டாள்.

“எதுலயும் இல்ல.”

“பரவால்ல. இப்பதான் நான் யாருக்கும் பாரமில்ல” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள் மாமா வந்தார், தெருவில் எல்லோருக்கும் முன்னால். கரும்பு, மஞ்சள், வெல்லம், பூசணி. அரிசிப் பையை இறக்கும்போது வழக்கமாகச் சொல்வதை இந்த முறை எப்படிச் சொல்வது என்று திணறினார். “இது கடை அரிசி இல்லக்கா. நம்ம வயல்ல முதல் அறுப்பு அறுத்தது. மில்லுல குடுத்து வாங்கியாந்தேன்.”

அம்மா பைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள். “குருணை நெறையா இருக்கே. மில்லுக்காரன் உன்னை ஏமாத்திட்டான்.” அவள் அன்றைக்கு முழுதும் அந்தக் குருணையைப் பற்றியே பேசினாள், குழாயடிப் பெண்களை வீட்டுக்கு அழைத்து, அவர்களிடமும். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது பிடிபட்டது. குழாயடிப் பெண்களில் ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள். “அக்கா, அங்க அடிச்சதுக்கும் இங்க ஏறுறதுக்கும் நடுவுல நமக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க? அதுக்குப் பயந்துதான் நான் பேரை எடுக்கல.” குழுவின் தலைவர் கேட்டதும் அதையேதான். அதுக்குள்ள என்ன பண்ணப் போறீங்க? என் கட்டுக் கட்டான தாள்கள் குடும்பம் என்றால் என்ன என்று வாதாடின. அம்மா தவித்தது அந்த இடைவெளியில். இடைவெளிக்கு ஒரு வரி போதும்.

அந்த ஒரு வரியை எழுத, அந்தப் பக்கங்களை எழுதியதைவிட அதிக நாள் ஆனது. பிற மாநில அட்டையிலிருந்து பெயர் நீக்கிய சான்றுடன் இங்கே சேர்க்க விண்ணப்பித்தவர், விண்ணப்பித்த நாளிலிருந்தே சேர்க்கப்பட்டவராகக் கருதப்பட்டுச் சிகிச்சை பெறுவார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“இதுல எம் பேரு இல்லாட்டியும் நான் இருக்கேன்” என்றாள். “ஆனா ‘கருதப்பட்டு’ன்னா என்னா?”

“சேத்துட்ட மாதிரியேன்னு அர்த்தம்.”

“அப்படியே எழுத வேண்டியதுதானே.”

எழுதவில்லை. சட்டத்தின் மொழியில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

எழுத்து மூலமான கருத்துகளைக் குழு இன்னும் வாங்குகிறது, ஆனால் சட்டமன்றம் இருக்கும் புதுச்சேரியில். மாமா, “தபால்ல போட வேண்டியதுதானே? ஒரு வரிக்கு எதுக்குப் பஸ் காசு?” என்றார்.

“கேள்வி நேர்ல கேட்டாங்க மாமா. பதிலையும் நேர்ல சொல்லணும்.”

“உள்ள விடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு, அவரே தலையைச் சொறிந்துகொண்டார். “விடுவாங்க, விடுவாங்க. எங்கக்காவையே விட்டாங்க.”

இன்று காலை வரை அம்மாவின் பெயர் பரிசீலனையில்தான் இருக்கிறது. அடுத்த தேதியை மருத்துவர் பென்சிலால் குறித்திருக்கிறார். புறப்படும்போது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள், அதற்கு மேல் வரவில்லை.

எங்கள் தலைநகருக்குப் போக நாங்கள் அடுத்த மாநிலத்தைக் கடக்க வேண்டும். பூவத்தில் ஏறி உட்கார்வதற்குள் பேருந்து பாலத்தைத் தாண்டி, மாமாவின் ஊரையும் தாண்டிவிட்டது. அந்த வரி எழுதிய தாள் மடிக்காமல் என் பையில் இருக்கிறது. நடத்துனர் வந்து எங்கே என்று கேட்டார். புதுச்சேரிக்கு ஒரு சீட்டு வாங்கிவிட்டேன். இதை எழுதும்போது தரங்கம்பாடியும் பின்னால் போய்விட்டது.